அப்பாவின் மிலிட்டரி பெட்டியை என்ன செய்வது? நடந்ததைச் சொல்கிறேன்

வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை தெரிந்தவர்களுக்கு எங்கள் ஊரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, அந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டில் கேட்டாலும் பட்டாளத்துக்குப் போன ஒருவர் இருப்பார். எங்கள் அப்பா 1963-ல் மதராஸ் ரெஜிமென்டில் சேர்ந்தவர். அவர் காலமாகி ஒரு வருடம் கழித்து வீட்டை இடித்துக் கட்ட ஆரம்பித்தோம், அப்போதுதான் கட்டிலுக்கு அடியில் இருந்த கருப்பு டிரங்க் பெட்டியைத் திறந்தோம். மேலே வெள்ளை பெயிண்டில் ஆர்மி நம்பர், ரேங்க், பெயர். உள்ளே அங்கோலா சட்டை (கம்பளி கலந்த ராணுவச் சட்டை) இரண்டு, கிரேட் கோட், ஒரு புல்லோவர், பூட்ஸ், மெஸ் டின் (சாப்பாட்டு டப்பா), எனாமல் மக், ஓரம் கிழிந்த ஹோல்டால் (படுக்கையைச் சுருட்டிக் கட்டும் பை).

எங்களுக்கு எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுப்பது என்றே தெரியவில்லை. கொத்தனார் வேறு இடத்தைக் காலி செய்யச் சொல்லி அவசரப்படுத்தினார். தம்பி மெஸ் டின், மக், பெல்ட் பக்கிள் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டு பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போட்டுவிட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், நானும் பக்கத்தில் நின்றுகொண்டுதான் இருந்தேன். சாயங்காலம் அம்மா கேட்டார்கள், "அந்த மெஸ் டின்னுக்குள்ள ஒரு துணிப்பை இருந்துச்சே, அது எங்கடா?"

அதில்தான் பதக்கங்கள் இருந்தன. 1965-ன் ரக்ஷா மெடல், 71 போருக்கான சங்ராம் மெடல், அப்புறம் 1972-ல் சுதந்திரத்தின் 25-ஆம் ஆண்டுக்காகப் பணியில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது ஒன்று. ஓடினோம். கடைக்காரர் நல்ல மனுஷர், பையைப் பிரித்துப் பார்த்து வெள்ளி இல்லை என்று தெரிந்ததும் மற்ற சில்லறை உலோகத்தோடு கூடையில் கொட்டியிருக்கிறார் (அது செம்பும் நிக்கலும் கலந்தது, எடைக்குப் போட்டால் ஒரு டீ காசு கூடத் தேறாது). டார்ச் அடித்து அந்தக் கூடையை ஒன்றரை மணி நேரம் துழாவினோம். பதக்கத்தின் விளிம்பைத் திருப்பிப் பார்த்தால் வாங்கியவரின் நம்பரும் பெயரும் பொடி எழுத்தில் வெட்டியிருக்கும், அதை வைத்துத்தான் இது அப்பாவுடையது என்று உறுதி செய்ய முடிந்தது. இரண்டு கிடைத்தன. சங்ராம் மெடல் கிடைக்கவே இல்லை. அம்மா எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

அதனால் உங்கள் வீட்டில் இப்படி ஒரு பெட்டி இருந்தால், ஒவ்வொரு பொருளாக எடுத்து, பையைப் பிரித்து, பாக்கெட்டில் கைவிட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் எதையும் வெளியே அனுப்புங்கள். அங்கோலா சட்டைகளை என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை. யாருக்காவது கொடுக்கலாமா? இந்த வழியாக வந்தவர்கள் சொல்லுங்கள்.

*

அண்ணா, நான் 2019-ல் பென்ஷன் வந்தவன், ஹவில்தார். படித்ததும் மனசு கனத்துப்போச்சு.

யூனிட்டை விட்டுக் கிளம்பும்போது ஆயுதம், ஸ்டோர் சாமான் எல்லாம் ஒப்படைத்து கிளியரன்ஸ் கையெழுத்து வாங்கினால்தான் வெளியே விடுவார்கள். வீட்டுக்கு வருவது பெரும்பாலும் நாங்கள் போட்டுத் தேய்ந்த உடுப்பும் பெட்டியும்தான். அதில் ஆபத்தானது உடுப்பு. நான் என் பழைய காம்பாட் டிரஸ்ஸை, நல்ல துணியாச்சே என்று, எங்கள் கொல்லையில் வேலை செய்த பெரியவருக்குக் கொடுத்தேன். ராத்திரி தண்ணி கட்டப் போனவரை ரோந்து போலீஸ் நிறுத்தி இரண்டு மணி நேரம் ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டார்கள். நான் டிஸ்சார்ஜ் புக்கை (பணி முடிந்து வரும்போது ராணுவம் கொடுப்பது) எடுத்துக்கொண்டு போய் பேசி அழைத்து வந்தேன். அந்த மனுஷர் பயந்துபோய் ஒரு வாரம் வேலைக்கு வரவில்லை, தப்பு முழுக்க என்னுடையது.

2016 ஜனவரியில் பதான்கோட் விமானதளத்தைத் தாக்கியவர்கள் ராணுவ உடுப்பில்தான் வந்தார்கள். அதற்குப் பிறகுதான் பொதுமக்கள் அந்த மாதிரித் துணி போட வேண்டாம், கடைகளும் விற்க வேண்டாம் என்று ராணுவமே கேட்டுக்கொண்டது. சிப்பாய் என்று நம்ப வைக்கும் எண்ணத்தோடு போட்டால்தான் குற்றம், பழைய இபிகோவில் 140, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 168. மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். ஆனால் எண்ணம் என்ன என்பதை ராத்திரி நேரத்தில் ரோட்டில் வைத்து யார் விளக்குவது? 2022 ராணுவ தினத்தில் அறிமுகமான புது டிஜிட்டல் டிசைன் உடுப்பு இன்னும் கண்டிப்பு, அது வெளிக்கடையில் விற்கவே கூடாதது.

நான் இப்போது செய்வது இதுதான். பேட்ஜ், ரேங்க் பட்டை, பட்டன் எல்லாவற்றையும் பிரித்து எடுத்து வைத்துக்கொள்கிறேன். துணியைக் கத்தரியால் உருத்தெரியாமல் வெட்டி விடுகிறேன், வண்டி துடைக்க ஆகிறது. அங்கோலாவையும் அப்படியே செய்யுங்கள், இல்லையென்றால் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். பெட்டியைக் கொடுப்பதாக இருந்தால் நம்பர் மேல் பெயிண்ட் அடித்துவிட்டுக் கொடுங்கள். அப்பாவின் டிஸ்சார்ஜ் புக், பிபிஓ (பென்ஷன் வழங்கும் உத்தரவு) இரண்டையும் தயவுசெய்து பத்திரமாக வையுங்கள், அம்மாவின் பென்ஷனுக்கு அதுதான் ஆதாரம். அப்பா பெயரில் உள்ள ராணுவ கேன்டீன் கார்டை யாரும் பயன்படுத்த வேண்டாம், அம்மா பெயரில் தனியாக வாங்கலாம். காணாமல் போன மெடலுக்கு நீலகிரி வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமென்ட் ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு நம்பரைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் வழி சொல்வார்கள்.

*

ஒன்று சேர்க்கிறேன். எங்கள் பெரியப்பா பெட்டியில் சோப்பு டப்பாவுக்குள் நாலு தோட்டா இருந்தது. அண்ணன் பையன் அதைக் கையில் உருட்டி விளையாடிக்கொண்டிருந்தான். வெடித்ததா வெடிக்காததா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? அப்படியே கீழே வைக்கச் சொல்லி, அறையைச் சாத்திவிட்டு போலீசுக்குப் போன் செய்தேன். கேஸ் ஆகிவிடும், கிணற்றில் போட்டுவிடலாம் என்று வீட்டில் எல்லோரும் தடுத்தார்கள். உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம்தான், அதனால்தான் நாமே முந்திச் சொல்ல வேண்டும் என்றேன். வந்தவர்கள் எழுதி வாங்கிக்கொண்டு எடுத்துப் போனார்கள், எங்களை ஒன்றும் சொல்லவில்லை.

*

நன்றி தம்பி, நன்றி அக்கா. கடிதம் எழுதிவிட்டேன். அங்கோலா சட்டையை வெட்ட மனசு வரவில்லை, அது வீட்டிலேயே இருக்கும். கிரேட் கோட்டை அம்மா மார்கழிப் பனிக்குக் காலில் போர்த்திக்கொள்ள எடுத்து வைத்திருக்கிறார்கள்.