பக்கவாதம்: ஏட்டில் எழுதுவது வார்டில் ஏன் கைகொடுப்பதில்லை?

கேள்வி (செவிலியர் கல்லூரி ஆசிரியை)

வணக்கம். பக்கவாதத்தின் வகைகளையும் காரணங்களையும் கேட்டால் என் மாணவியர் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். ஆனால் சென்ற மாதம் வார்டில், வாய் கோணிச் சொல் குழறிய முதியவர் ஒருவர் தண்ணீர் கேட்டதும், தேர்வில் மிக நல்ல மதிப்பெண் பெற்ற மாணவியே டம்ளரை அவர் வாயருகே கொண்டுபோனார். நான் தடுத்துவிட்டேன். விழுங்குவதில் சிரமம் ஏற்படும் என்று விடைத்தாளில் எழுதியவரும் அவரேதான் என்பது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. எதிலிருந்து தொடங்கிக் கற்பிப்பது?

மறுமொழி 1 (பக்கவாதப் பிரிவுச் செவிலியர்)

மேடம், நேரத்தைக் கேட்கும் விதத்திலிருந்து தொடங்குங்கள். "எப்போது வந்தது?" என்று கேட்டால், "காலை ஆறு மணிக்கு" என்பார்கள் வீட்டார். அது அவர்கள் கண்ட நேரம். முந்தைய இரவு பத்து மணிக்கு நன்றாகப் பேசிவிட்டுப் படுத்தவர் என்றால், கணக்கு பத்து மணியிலிருந்தே தொடங்குகிறது. இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஆல்டிப்ளேஸ் மருந்து மூன்று மணி நேரத்துக்குள் பயன் தரும் என்று 1995-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. அந்த வரம்பை நாலரை மணி நேரமாக நீட்டியது 2008-இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வு. ஆகவே "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?" என்ற ஒரு கேள்வியைச் சரியாகக் கேட்கத் தெரிந்த மாணவி, சிகிச்சைக்கான வழியையே திறந்து வைக்கிறார். மூளையின் இரத்தக் குழாயில் ஏற்பட்டது அடைப்பா, இரத்தக் கசிவா என்பது சி.டி. ஸ்கேன் எடுத்த பின்னரே தெரியும் என்பதால், அதற்கு முன் வீட்டார் ஆஸ்பிரின் கொடுத்தார்களா என்பதையும் கேட்க வேண்டும். சர்க்கரை அளவைப் பார்க்க மறக்கக் கூடாது. சர்க்கரை மிகக் குறைந்தாலும் பக்கவாதம் போலவே தோன்றும்.

மறுமொழி 2 (செவிலியப் பயிற்றுநர்)

தண்ணீர் விஷயத்தில் ஆசிரியையின் கவலை முற்றிலும் நியாயமானது. காய்ச்சல், சர்க்கரை, விழுங்கும் திறன் ஆகிய மூன்றையும் செவிலியரே முறைப்படி கவனித்த பிரிவுகளில், மூன்று மாதங்களுக்குப் பின் இறந்தோரும் பிறரைச் சார்ந்து வாழ்வோரும் குறைவாக இருந்தனர் என்று 2011-இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. விழுங்கும் திறனைச் சோதிக்கும்வரை மாத்திரையும் வாய்வழி தரக் கூடாது. நிமிர்த்தி உட்கார வைத்து, கரண்டியால் சிறிது நீர் தந்து, இருமல் வருகிறதா, தொண்டையில் நீர் தங்கியதுபோல் குரல் ஈரமாக மாறுகிறதா என்று கவனிப்பதை ஒவ்வொரு மாணவியும் தம் கையால் செய்து பழக வேண்டும்.

மறுமொழி 3 (இறுதியாண்டு மாணவி)

முகம், கை, பேச்சு ஆகிய மூன்றை மட்டுமே நாங்கள் மனப்பாடம் செய்தோம். திடீர்த் தள்ளாட்டமும் பார்வைக் கோளாறும்கூட அறிகுறிகளே என்பதை வார்டில்தான் அறிந்தேன். ஒரு சந்தேகம், சிஸ்டர். இரத்த அழுத்தம் 190/100 இருந்த ஒருவருக்கு மருத்துவர் உடனே மருந்து தரவில்லையே, ஏன்?

மறுமொழி 4 (பக்கவாதப் பிரிவுச் செவிலியர்)

அடைப்பைச் சுற்றி இன்னும் உயிரோடு இருக்கும் மூளைப் பகுதிக்கு அந்த அழுத்தமே இரத்தத்தைக் கொண்டு சேர்க்கிறது; சட்டென்று குறைத்தால் அதுவும் பாழாகலாம். கட்டி கரைக்கும் மருந்து தருவதாக இருந்தால் மட்டும் 185/110-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். தந்த பின் 24 மணி நேரம் 180/105-ஐத் தாண்ட விடக் கூடாது.

ஆசிரியை

நன்றி. அடுத்த செய்முறைத் தேர்வில் வகைகளைக் கேட்கப் போவதில்லை. நோயாளியின் மகனாக நான் நடிப்பேன். நேரத்தை என்னிடமிருந்து மாணவி எப்படிக் கேட்டறிகிறார் என்பதற்கே முதல் மதிப்பெண்.