பேங்காக் வந்து சில நாள்தான், உடம்பு ஒத்துழைக்கவில்லை: சியாங் மாய் ரயிலைப் பிடிக்கலாமா?

பனிக்காடு:
எல்லோருக்கும் வணக்கம். ஒஸ்லோவிலிருந்து தனியாக முதுகுப்பையோடு கிளம்பி வந்திருக்கிறேன். அங்கே பனி இன்னும் முழுசாகக் கரையவில்லை. இங்கே மார்ச் கடைசி, மதியம் 36 டிகிரி. காவோ சான் சாலைக்குப் பக்கத்தில், பாங்லம்பூவில் ஒரு விடுதியில் தங்கியிருக்கிறேன்.

வந்ததிலிருந்து மதியம் ஆனால் தலை கனக்கிறது, குமட்டுகிறது. சாப்பிடவே பிடிக்கவில்லை. தண்ணீர் மட்டும் விடாமல் குடிக்கிறேன், ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் இருக்கும். இருந்தும் எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது. சாயங்காலத்தில் கணுக்கால் இரண்டும் வீங்குகின்றன. முதுகிலும், பையின் பட்டை படுகிற இடுப்பிலும் சிவப்புப் பொரிகள், ஊசி குத்துவது போல அரிக்கின்றன. கொசுக்கடியும் உண்டு, அதனால் டெங்குவோ என்று பயமாக இருக்கிறது. பையின் எடை 17 கிலோ, என் எடை 58.

நாளை மறுநாள் இரவு ரயிலில் வடக்கே சியாங் மாய்க்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். கிளம்பலாமா, இல்லை டிக்கெட்டை விட்டுவிட்டு இங்கேயே இருக்கலாமா?

வழிப்போக்கன்:
தங்கச்சி, பயப்படாதே. முதல் வாரம் எல்லோருக்கும் இப்படித்தான். சியாங் மாய் மலைப்பக்கம், அங்கே போனால் குளிர்ச்சியாக இருக்கும். ரயிலை விட்டுவிடாதே, படுத்துத் தூங்கிக்கொண்டே போகலாம்.

ஈரக்காற்று:
அண்ணா, டிசம்பரில் என்றால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். மார்ச் கடைசியில் வேண்டாம். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை வடக்கே வயல் தாளையும் காட்டையும் எரிக்கிற காலம். சியாங் மாயைச் சுற்றி மலை என்பதால் புகை வெளியேற வழியில்லாமல் பள்ளத்திலேயே தங்கிவிடும். சில நாள்களில் உலகிலேயே காற்று மிக மோசமான நகரங்களின் வரிசையில் அந்த ஊர் முன்னால் நிற்கும். குளிர்ச்சியும் கிடையாது. நகரம் கடல் மட்டத்துக்கு மேல் 300 மீட்டர் சொச்சம்தான், மதிய வெயில் பேங்காக்குக்குக் குறையாது. அந்தப் பக்கத்து மலையான தோய் இந்தனோனின் உச்சி 2,565 மீட்டர், அங்கே குளிரும். ஆனால் உச்சியில் தங்கவா போகிறாய்? ஏற்கெனவே தலை கனக்கிறது என்கிறவளைப் புகைக்குள் அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

மருந்துக்கடை அக்கா:
நான் மருந்தாளுநர். நேரில் பார்க்காமல் இதுதான் நோய் என்று சொல்ல மாட்டேன். முதலில் சிலதைக் கேட்கிறேன், பதில் சொல்லும்மா. காய்ச்சல் அளந்தாயா? வியர்க்கிறதா? சிறுநீர் என்ன நிறம்? வாந்தி, வயிற்றுப்போக்கு உண்டா? தலைவலிக்கு ஏதாவது மாத்திரை போட்டாயா?

பனிக்காடு:
அக்கா, தெருமுனை மருந்துக்கடையில் தெர்மாமீட்டர் வாங்கி இப்போதுதான் பார்த்தேன், 37.1. வியர்வை கொட்டுகிறது. சிறுநீர் தண்ணீர் போல வெளுப்பாகவே போகிறது. வாந்தியும் இல்லை, வயிற்றுப்போக்கும் இல்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த ஐபுப்ரோஃபென் போட்டேன்.

மருந்துக்கடை அக்கா:
சரி, இதில் ஓரளவு தெளிவு கிடைத்துவிட்டது. நீ தண்ணீர் குடிக்காமல் வாடவில்லை, உப்பு இல்லாமல் வாடுகிறாய் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. குளிர் நாட்டிலிருந்து வந்த உடம்பின் வியர்வையில் முதல் நாள்களில் உப்பு அதிகமாகப் போகும். ஒன்றிரண்டு வாரத்தில் உடம்பு கற்றுக்கொள்ளும்: வியர்வை சீக்கிரமே வர ஆரம்பிக்கும், அளவும் கூடும், அதில் உப்பு மட்டும் குறையும். அதுவரை போகிற உப்பை நீதான் திருப்பிக் கொடுக்க வேண்டும். நீயோ சாப்பாட்டையும் விட்டுவிட்டு வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருக்கிறாய். இரத்தத்தில் இருக்கிற கொஞ்ச உப்பும் இன்னும் நீர்த்துப் போகும். தலைக்கனம், குமட்டல், கண் இருட்டுவது எல்லாவற்றுக்கும் அது போதும்.

மருந்துக்கடையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம், அதாவது தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்பு-சர்க்கரைத் தூள், சீட்டில்லாமலே கிடைக்கும். எத்தனை மில்லி தண்ணீர் என்று உறையில் போட்டிருக்கிறதோ அதே அளவில் கரை, கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு ஆறு தட்டைத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. ஒரே மூச்சில் குடிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடி. ஐந்து லிட்டர் என்று கணக்கு வைத்துக் குடிப்பதை நிறுத்து, தாகத்துக்குக் குடித்தால் போதும்.

ஐபுப்ரோஃபெனைப் பையின் அடியில் போட்டுவிடு. டெங்கு உள்ள நாட்டில் காய்ச்சலோ தலைவலியோ வந்தால் பாராசிட்டமால் மட்டும்தான். ஐபுப்ரோஃபெனும் ஆஸ்பிரினும் இரத்தக்கசிவைக் கூட்டும். கொசு கடித்த பிறகு டெங்கு வெளியே தெரிய 4 முதல் 10 நாள் ஆகும். வந்த அன்றே தொடங்கிய தலைவலிக்கு இங்கே கடித்த கொசுவைக் காரணம் சொல்ல முடியாது. ஆனால் வருகிற வாரத்தில் திடீரென்று கடும் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பெல்லாம் முறித்துப் போடுகிற வலி வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய் இரத்தம் சோதித்துவிடு. டெங்கு கொசு பகலில் கடிப்பது. காலையிலும் சாயங்காலத்திலும் கணுக்காலுக்கு மருந்து பூசிக்கொள். முதலில் வெயில் கிரீம், அது காய்ந்த பிறகு அதன் மேல் கொசு மருந்து.

இன்னொன்று, இதுதான் முக்கியம். பேச்சு குழறினாலோ, எங்கே இருக்கிறோம் என்றே குழம்பினாலோ, உடம்பு நெருப்பாகச் சுட்டாலோ அது வெப்பத் தாக்கு. அங்கே அவசர மருத்துவ எண் 1669. அறைத்தோழிகள் யாரிடமாவது இதை இன்றே சொல்லி வை, அந்த நிலையில் உன்னால் போன் பண்ண முடியாது.

ஈரக்காற்று:
உப்புக்கு நல்ல வழி ஒன்று சொல்கிறேன். விடிகாலையில் தெருவோரத்தில் 'சோக்' விற்பார்கள். குழைய வேகவைத்த அரிசிக் கஞ்சி, உப்பாக, இஞ்சி போட்டு. சாப்பிடப் பிடிக்காத வாய்க்கும் இறங்கும். இறைச்சி வேண்டாம் என்றால் முன்னாடியே சொல்லிவிடு.

பனிக்காடு:
அந்தக் கஞ்சியைத் தேடிப் பார்க்கிறேன். முதுகில் இருக்கும் பொரிக்கு என்ன செய்ய? குளிரூட்டிய அறையிலேயே பகல் முழுக்கப் படுத்திருந்தால் ஆறிவிடுமா?

மருந்துக்கடை அக்கா:
அது பெரும்பாலும் வேர்க்குரு. வியர்வைத் துவாரம் அடைத்துக்கொண்டு உள்ளேயே தங்குகிற வியர்வை. எண்ணெயும் கொழுப்பான கிரீமும் பூசாதே, அடைப்பு இன்னும் கூடும். பச்சைத் தண்ணீரில் குளி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடு, தளர்ந்த பருத்திச் சட்டை போடு. அரிப்புக்கு காலமைன் லோஷன் நல்லது. அங்கே எந்தக் கடையிலும் பாம்புப் படம் போட்ட குளிர்ச்சிப் பவுடர் டப்பா இருக்கும், அதுவும் உதவும். சீழ் பிடித்தால் மட்டும் மருத்துவரைப் பார். கணுக்கால் வீக்கம் முதல் நாள்களில் சகஜம், படுக்கும்போது காலைத் தலையணை மேல் வை. ஒரு காலில் மட்டும் வீங்கி வலித்தால் விஷயம் வேறு. நீண்ட விமானப் பயணம் முடித்து வந்திருக்கிறாய், உடனே காட்ட வேண்டும்.

ராத்திரி குளிர்ச்சியில் தூங்கு, தூக்கம் முக்கியம். பகல் முழுக்க உள்ளேயே கிடந்தால் உடம்பு வெயிலைக் கற்றுக்கொள்ளவே கொள்ளாது. காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் வெளியே நட. தினம் கொஞ்சம் கூட்டு. பதினொன்றிலிருந்து நாலு வரை நிழல்.

ஈரக்காற்று:
காலை நடைக்கு லும்பினி பூங்கா நல்ல இடம், அதிகாலையிலேயே திறந்துவிடும். குளத்தோரம் பெரிய உடும்புகள் திரியும், கிட்டே போகாதே. சாயங்காலத்துக்கு ப்ரா ஆதித் படகுத்துறை உனக்கு நடை தூரம்தான். சாவ் ப்ரயா ஆற்றில் படகேறிச் சும்மா போய்விட்டு வா, காற்று வாங்கலாம்.

அப்புறம் அந்தப் பை. 58 கிலோ ஆளுக்கு 17 கிலோ அநியாயம். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு என்பதே மேல் எல்லை, அதாவது உனக்குப் பதினொன்றரை. இந்த வெயிலில் பத்துக்குள் கொண்டுவா. உள்ளே என்னதான் இருக்கிறது?

பனிக்காடு:
ஜீன்ஸ் இரண்டு, கம்பளிச் சட்டை, மலையேறும் கனத்த காலணி, பெரிய துண்டு, தூங்கும் பை, ஷாம்பு பாட்டில்கள், மடிக்கணினி.

ஈரக்காற்று:
மடிக்கணினியைத் தவிர மற்றதெல்லாம் விடுதியில் கட்டி வைக்கலாம். பேங்காக் வழியாகத்தானே திரும்புவாய்? பல விடுதிகளில் மூட்டை வைத்துக்கொள்வார்கள், ரசீது வாங்கிக்கொள். ஜீன்ஸ் இந்த ஈரத்தில் காயவே காயாது, ஒரே நாளில் நாறிவிடும். நாலு மெல்லிய சட்டை, இரண்டு தொளதொள கால்சட்டை போதும். கோயிலுக்குத் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், அதற்கும் அதுவே ஆகும். துணியைக் கிலோக் கணக்கில் துவைத்துத் தரும் கடை அங்கே தெருவுக்குத் தெரு உண்டு.

வழிப்போக்கன்:
புகை விஷயம் என் நினைவில் இல்லை, நல்லவேளை சொன்னாய் தம்பி. அப்படியானால் தங்கச்சி எங்கேதான் போவது?

ஈரக்காற்று:
தெற்கே, கடலோரமாக. ப்ரசுவாப் கிரி கானுக்கு ரயிலில் நாலைந்து மணி நேரம். சின்ன ஊர், நிலையத்திலிருந்து கடற்கரை நடை தூரம், சாயங்காலம் கடற்காற்று அடிக்கும். ஆவ் மனாவ் என்ற விரிகுடா விமானப்படைத் தளத்துக்குள் இருக்கிறது. பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள், வாசலில் கேட்கலாம். ஊருக்குள் குன்றில் குரங்குகள் உண்டு, கையில் தின்பண்டம் வேண்டாம். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே ரேபிஸ் ஊசி.

ஆனால் நாளை மறுநாளே கிளம்பாதே. தலைக்கனம் போய், பசி எடுத்து, காலை நடை அலுக்காமல் வந்த பிறகு கிளம்பு. ஏப்ரல் 13 முதல் 15 வரை சோங்க்ரான், தாய்லாந்துப் புத்தாண்டு, நாடே ஊருக்குக் கிளம்பும், ரயிலில் இடம் கிடைக்காது. அதற்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடு.

பனிக்காடு:
நேற்று கரைசல் குடித்தேன், இன்று காலை சோக்கும் கிடைத்தது. தலைக்கனம் நன்றாகக் குறைந்திருக்கிறது, காய்ச்சல் இல்லை. சியாங் மாய் டிக்கெட்டை நிலையத்தில் ரத்து செய்தேன், பணத்தில் ஒரு பகுதி திரும்ப வந்தது. மூட்டை கட்டிய பிறகு பை 9 கிலோ. ப்ரசுவாப்புக்குப் பகல் ரயிலா, இரவு ரயிலா?

ஈரக்காற்று:
பகல் ரயில், காலையில் கிளம்புவது. இரவு வண்டி நடுச்சாமத்தில் இறக்கிவிடும், தனியாகப் போகிற உனக்கு அது வேண்டாம். குளிரூட்டிய பெட்டி என்றால் ஒரு மேல்துண்டு கைக்கு எட்டும்படி வை, உள்ளே நடுங்க வைப்பார்கள்.