நெல் இலைப் படங்களைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும்

வணக்கம். கும்பகோணம் பக்கம் ஓர் அரசுக் கல்லூரியில் கணினி அறிவியல் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட்டில் தேர்ச்சி உண்டு; பகுதி நேரமாக முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். நெற்பயிர் நோயைச் செல்போன் படத்தை வைத்தே கண்டுபிடிக்கும் நிரல்தான் ஆய்வு.

சம்பா வயலில் இறங்கி நானே எடுத்த படங்கள் 1,400 இருக்கின்றன. சிக்கல், எந்தப் படம் எந்த நோய் என்று பெயரிடுவதில்தான். குலைநோய்ப் புள்ளி கண் வடிவில், இரு முனையும் கூராக, நடுவில் சாம்பல் நிறமாக இருக்கும். செம்புள்ளி நோயின் புள்ளி எள்ளைப் போல நீள்வட்டம். முற்றிய பிறகு சரி, இளம் புள்ளியில் எனக்கே தடுமாற்றம். நான் தப்பாகப் பெயரிட்டால் நிரலும் அந்தத் தப்பையே படிக்கும். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலோ வேளாண் துறையிலோ இருப்பவர்கள் 200 படமாவது பார்த்துத் தருவீர்களா? நேரில் வருகிறேன்.

அப்புறம், ஆய்வுக் கட்டுரை வெளியிடுவது பற்றி ஒரு கேள்வி. தரமான ஆய்விதழ்கள் எவை என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) வைத்திருந்த யுஜிசி-கேர் பட்டியலை 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டார்கள். 'நான்கே நாளில் வெளியீடு, பணம் கட்டுங்கள்' என்று ஏதேதோ இதழ்களிடமிருந்து தினமும் மின்னஞ்சல் வருகிறது. அவற்றில் கட்டுரை போட மனம் ஒப்பவில்லை. ஸ்கோபஸ் என்னும் ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் உள்ள, கட்டணம் கேட்காத இதழில் சமீபத்தில் வெளியிட்டவர்கள், எத்தனை மாதம் ஆனது என்று சொல்லுங்கள். உதவிப் பேராசிரியர் பணிக்கு அடுத்த அறிவிப்பு வரும்போது பட்டம் கையில் இருக்க வேண்டும்.