அவசரம்: ஸ்னோ ஷூ கழன்று கழன்று வருகிறது, கடையில் திரும்ப வாங்க மாட்டேன் என்கிறார்கள்

தேனி_வெயில் | செவ்வாய், இரவு 9.40

வணக்கம். போன வாரம் ஸ்னோ ஷூ வாங்கினேன். நடந்தால் பின்பக்கம் கழன்று கழன்று வருகிறது. இன்று கடைக்கு எடுத்துப் போனேன், திரும்ப வாங்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். 190 டாலர் போச்சு. சனிக்கிழமை நாலு பேர் மலைக்குப் போகிறோம். பணத்தை எப்படி வாங்குவது? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

ரெண்டாவது_காபி | இரவு 9.52

கடைப் பெயர் வேண்டாம். ஆனால் நேரில் வாங்கினீர்களா, இணையத்திலா? பில் இருக்கிறதா? எந்த ஊர், எந்த மலை? முடியாது என்பதற்கு என்ன காரணம் சொன்னார்கள்? இதெல்லாம் தெரியாமல் ஜோசியம்தான் சொல்ல முடியும்.

கம்பளி_அண்ணன் | இரவு 10.05

இது சாக்ஸ் பிரச்சினை. சந்தேகமே வேண்டாம். நம் ஆட்கள் பருத்தி சாக்ஸ் இரண்டு ஜோடி போட்டுக்கொண்டு போய் அளவு பார்த்து வாங்குகிறார்கள். பருத்தி வியர்வையில் ஊறினால் லேசில் காயாது, கால் வழுக்கும், குதிகால் மேலே மேலே வரும். மெரினோ கம்பளி சாக்ஸ் ஒரே ஒரு ஜோடி போதும். லேஸ் கட்டும்போது கணுக்கால் வளையும் இடத்தில் இரண்டு தடவை முறுக்கி இறுக்கிவிட்டு மேலே கட்டுங்கள். கடைக்கே போக வேண்டியிருக்காது.

மழைக்கோட்டு | இரவு 10.11

அண்ணே, அவர் பூட்ஸைச் சொல்லவில்லை. ஸ்னோ ஷூ என்றால் பூட்ஸுக்கு அடியில் மாட்டிக்கொள்கிற அகலமான தட்டு. புதுப் பனியில் கால் புதையாமல் இருக்க.

கம்பளி_அண்ணன் | இரவு 10.14

நம் வீட்டில் ஸ்னோ ஷூ என்றால் பனிக்குப் போடுகிற ஷூதான். எதைச் சொல்கிறார் என்று அவர்தான் சொல்ல வேண்டும். எதுவானாலும் சாக்ஸ் முக்கியம்.

கேஸ்கேட்_கிழவர் | இரவு 10.40

ஒவ்வொரு குளிர்காலமும் இதே கதை. ஸ்னோ ஷூவில் முன்பாதம் மட்டும்தான் கட்டப்பட்டிருக்கும். குதிகால் தூக்க வேண்டும், அப்போதுதான் நடக்க முடியும். பின்வார் இருப்பது பூட்ஸ் பின்னால் நழுவாமல் இருக்க மட்டுமே. சரியாக வேலை செய்கிற பொருளைக் கெட்டுப்போனது என்று கடைக்குக் கொண்டு போயிருக்கிறீர்கள். அவர்கள் சிரிக்காமல் அனுப்பியதே பெரிது. 190 டாலர் கொடுக்கும் முன் அரை மணி நேரம் படித்திருக்கலாம்.

நாமக்கல்_நாடோடி | இரவு 11.02

எடை எவ்வளவு? பையோடு சேர்த்துச் சொல்லுங்கள். ஸ்னோ ஷூவுக்குக் கால் அளவு இரண்டாம்பட்சம், எடைதான் கணக்கு. நான் வைத்திருக்கும் 22 அங்குல பிளாஸ்டிக் ஜோடி 180 பவுண்டு வரைதான் தாங்கும், அதற்கு மேல் பின்னால் நீட்டிப்பு வால் தனியாக மாட்ட வேண்டும். எடை கூடினால் புதைந்து, இழுத்து இழுத்துக் கழலும். அப்புறம் இடது வலது மாற்றி மாட்டியிருக்கிறீர்களா? கொக்கி இரண்டு காலிலும் வெளிப்பக்கம் வர வேண்டும். நான் முதல் நாள் முழுக்க மாற்றிப் போட்டு நடந்தவன்.

தேனி_வெயில் | புதன், காலை 8.20

ஆபீஸில் இருக்கிறேன், சுருக்கமாகச் சொல்கிறேன். சியாட்டில். நேரில் வாங்கியது, பில் இருக்கிறது. ரெய்னியர் போகிறோம். ஐயா, குதிகால் தூக்குவது இல்லை, மொத்தமாகவே காலை விட்டுப் போகிறது. பின்னால் ஒரு கிளிப் இருக்கிறது, பத்து அடி நடந்தால் பட்டென்று தெறிக்கிறது. அடியில் முள் இருக்குமே, அதுதான். 12 முள்.

மழைக்கோட்டு | காலை 8.26

12 முள்ளா? அது ஸ்னோ ஷூவே இல்லை. க்ராம்பான்! இறுகிய பனியில் வழுக்காமல் இருக்க பூட்ஸுக்கு அடியில் மாட்டுகிற இரும்பு முள் சட்டம்.

நாமக்கல்_நாடோடி | காலை 8.31

நேற்று இரவு எடையைக் கேட்டு உட்கார்ந்திருந்தேனே.

இரும்புக்கால் | காலை 9.10

தம்பி, இரண்டு விஷயம் சொல்லுங்கள். முன்பக்கம் பிளாஸ்டிக் வளையமா, இரும்புக் கம்பியா? எந்த பூட்ஸில் மாட்டினீர்கள்? படம் போட்டால் இன்னும் நல்லது.

கேள்வி ஏன் என்றால், க்ராம்பான் மூன்று விதமாக மாட்டும். முன்னும் பின்னும் பிளாஸ்டிக் கூடு, வாரால் கட்டுவது ஒன்று. அது ஏறக்குறைய எந்த பூட்ஸுக்கும் வரும். முன்னால் கூடு, பின்னால் லீவர் இன்னொன்று. முன்னால் கம்பி, பின்னால் லீவர் மூன்றாவது. லீவர் வைத்த இரண்டுக்கும் பூட்ஸின் குதிகாலில் அடித்தட்டுக்கு மேலே ஒரு தடித்த விளிம்பும் பள்ளமும் இருக்க வேண்டும், வெல்ட் என்பார்கள். லீவர் அந்தப் பள்ளத்தில்தான் பிடிக்கும். சாதாரண ஹைக்கிங் பூட்ஸில் அது கிடையாது. ரப்பர் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும், பாதம் வளைந்ததும் தெறிக்கும்.

கம்பளி_அண்ணன் | காலை 9.25

நடுவில் இருக்கும் பட்டையில் ஓட்டைகள் இருக்கும், ஒரு ஓட்டை தள்ளிப் போட்டாலே இறுகிவிடும். அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இரும்புக்கால் | காலை 9.33

பார்க்கலாம். ஆனால் வெல்ட் இல்லாத பூட்ஸில் பட்டையை எவ்வளவு குறைத்தாலும் கார் நிறுத்துமிடத்தில் நிற்கும், மலையில் கழலும். சோதனை எளிது: வாரைக் கட்டாமல் லீவரை மட்டும் போட்டு, பூட்ஸைக் கையில் தூக்கி நன்றாக உதறுங்கள். ஒட்டிக்கொண்டிருந்தால் பொருத்தம். விழுந்தால் பொருத்தம் இல்லை.

கேஸ்கேட்_கிழவர் | காலை 9.50

க்ராம்பான் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன். ஸ்னோ ஷூ என்று எழுதிவிட்டு விடை கேட்டால் ஸ்னோ ஷூவுக்குத்தான் விடை வரும். தெரிந்துகொள்ளுங்கள்: எக்கன்ஸ்டைன் என்ற ஆங்கிலேய மலையேறி வரைந்த பத்து முள் க்ராம்பானை இத்தாலியில் கூர்மாயரில் ஹென்றி கிரிவேல் என்ற கொல்லர் அடித்துக் கொடுத்தார். 1929-ல் அவர் மகன் லோரன் முன்னால் இரண்டு முள்ளைச் சேர்த்தார். உங்கள் 12 அங்கிருந்து வந்ததுதான். செங்குத்தான பனிச்சுவரில் முன்முள்ளைக் குத்தி ஏறுவதற்கு. சுற்றுலாவுக்கு அல்ல.

ரெண்டாவது_காபி | காலை 9.58

சரி ஐயா. அவர் 190 டாலர்?

தேனி_வெயில் | பகல் 12.45

முன்னால் பிளாஸ்டிக், பின்னால் லீவர். உதறிப் பார்த்தேன், விழுந்துவிட்டது. பூட்ஸ் கோடையில் வாங்கிய ஹைக்கிங் பூட்ஸ், நல்ல பிராண்டுதான். கடைக்கு அதைப் போட்டுக்கொண்டுதான் போனேன், விற்பனையாளர் பார்த்துவிட்டுத்தான் இதை எடுத்துக் கொடுத்தார். ஞாயிறு ஸ்னோகுவால்மியில் கார் நிறுத்துமிடத்தில் மாட்டி நடந்து பார்த்தேன், பனி கொஞ்சம்தான் இருந்தது. முள் முனையில் கீறல் இருக்கிறதாம், பயன்படுத்திய பொருளாம், அதனால் எடுக்க மாட்டார்களாம்.

மழைக்கோட்டு | பகல் 12.50

தாரில் நடந்தீர்களா! சரி, முனை மழுங்கியிருக்கும். அரம் வைத்துக் கையால் ராவிக்கொள்ளலாம், மெஷினில் வைக்காதீர்கள், சூட்டில் இரும்பின் உரம் போய்விடும்.

ரெண்டாவது_காபி | பகல் 1.15

இப்போதுதான் விஷயம் வந்தது. வாஷிங்டன் மாநிலத்தில் மனம் மாறித் திருப்பினால் கடை பணம் தந்தே ஆக வேண்டும் என்று பொதுச் சட்டம் கிடையாது. கடை எழுதி வைத்த விதிதான் விதி. ஆகவே 'பிடிக்கவில்லை' என்று போகாதீர்கள்.

உங்கள் கதை வேறு. எதற்கு வாங்குகிறீர்கள் என்று கடைக்காரருக்குத் தெரிந்து, அவர் தேர்வை நம்பி நீங்கள் வாங்கி, அது அந்த வேலைக்கு ஆகவில்லை என்றால், அது விற்றவர் தலையில்தான். அமெரிக்க வணிகச் சட்டத்தில் 2-315 என்ற பிரிவு, வாஷிங்டனிலும் இருக்கிறது. வழக்கு கிழக்கு என்று மிரட்ட வேண்டாம். மேனேஜரைக் கேளுங்கள், அதே பூட்ஸைப் போட்டுக்கொண்டு போங்கள், அந்த உதறல் சோதனையை அவர் கண் முன்னால் செய்து காட்டுங்கள். 'இந்த பூட்ஸைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள்' என்ற ஒரு வரி போதும். பணம் கேட்காமல் மாற்றித் தரக் கேளுங்கள், சீக்கிரம் இறங்கி வருவார்கள்.

பெல்வியூ_பார்வையாளர் | பகல் 1.40

இவ்வளவு எதற்கு? கிரெடிட் கார்டு கம்பெனியைக் கூப்பிட்டுப் பணத்தை நிறுத்தச் சொல்லுங்கள். வேலை முடிந்தது.

ஓரக்கடை | பகல் 2.05

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மாணவனாக இருந்தபோது இப்படி ஒரு கடையில் இரண்டு குளிர்காலம் வேலை பார்த்தேன். ஏறும் கயிறு ஒன்று திரும்பி வந்தது, உறை பிரித்திருந்தது, பார்வைக்குப் புத்தம் புதிது. கொண்டு வந்தவர் 'தொடவே இல்லை' என்றார். அவர் யாரையாவது அதில் தொங்கவிட்டாரா, கார் இழுத்தாரா, எனக்கு எப்படித் தெரியும்? துண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் போட்டோம். க்ராம்பானும் அந்த வகைதான். கீறல் கண்டதும் கடைக்காரர் ஏன் முகம் சுளிக்கிறார் என்று கொஞ்சம் யோசியுங்கள்.

பெல்வியூ_பார்வையாளர் | பகல் 2.12

கடைகள் அந்த நஷ்டத்தை எல்லாம் விலையில் ஏற்றித்தான் விற்கின்றன. நாம் எதற்கு அழ வேண்டும்?

ஓரக்கடை | பகல் 2.30

ஏற்றுகிறார்கள், யார் தலையில்? மலைச் சாமான் விற்கும் ஆர்இஐ கடை ஒரு காலத்தில் எப்போது கொண்டு போனாலும் வாங்கிக்கொண்டது. 2013-ல் உறுப்பினருக்கு ஒரு வருடம் என்று குறைத்தார்கள். அதே மாதிரிக் கடையான எல்எல் பீன் 2018-ல் அதே ஒரு வருடத்துக்கு வந்தது. பழைய சாமான் விற்பனையில் வாங்கிய தேய்ந்த பூட்ஸைக் கொண்டு வந்து புதுசு கேட்டால் எந்தக் கடை தாங்கும்?

நாமக்கல்_நாடோடி | பகல் 2.44

சொல்லப்போனால் நம் ஆட்களைப் பற்றியும் பேச வேண்டும். ஊரிலிருந்து அப்பா அம்மா டிசம்பரில் வருவார்கள். ஆளுக்கொரு கோட்டு, விலைச் சீட்டு கிழிக்காமல் உள்ளே மடித்து வைத்துக்கொள்வது. ஆறு வாரம் எல்லாப் படத்திலும் அந்தக் கோட்டு. விமானம் ஏற்றிவிட்டு வரும் வழியிலேயே கடை. எங்கள் குடியிருப்பில் மூன்று குடும்பம் தெரியும்.

சாம்பார்_சியாட்டில் | பகல் 3.01

இதை நம் ஆட்கள் மட்டும் செய்வது போல எழுதாதீர்கள். பனிச்சறுக்குப் போய்விட்டு உடுப்போடு வந்து வரிசையில் நிற்கிற வெள்ளைக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். வந்து போகிற வயதானவர்களுக்கு இருநூறு டாலர் கோட்டு எதற்கு? மதுரையில் அதைப் போட்டுக்கொண்டு எங்கே போவார்கள்?

நாமக்கல்_நாடோடி | பகல் 3.08

பழைய துணிக் கடையில் பதினைந்து டாலருக்குக் கிடைக்கும்.

சாம்பார்_சியாட்டில் | பகல் 3.10

உங்கள் அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்துப் பாருங்கள், யாரோ போட்டது என்று தெரிந்தால் என்ன சொல்வார்கள் என்று.

நாமக்கல்_நாடோடி | பகல் 3.15

கடையில் திருப்பிய கோட்டையும் நாளைக்கு யாரோ ஒருவருடைய அம்மாதான் புதுசு என்று வாங்கிப் போடுவார்.

கம்பளி_அண்ணன் | பகல் 3.30

கோட்டை விட உள்ளே கம்பளி பனியன்தான் முக்கியம். யாரும் கேட்பதில்லை.

இரும்புக்கால் | மாலை 5.20

கோட்டுப் பஞ்சாயத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாமா? தேனி தம்பி, நீங்கள் ரெய்னியர் என்று மட்டும்தான் சொன்னீர்கள். ரெய்னியரில் எங்கே? பாரடைஸ் புல்வெளியில் சுற்றுவதற்கு க்ராம்பான் தேவையே இல்லை, புதுப் பனி என்றால் நிஜமான ஸ்னோ ஷூதான் வேண்டும், இறுகிய பாதை என்றால் மைக்ரோஸ்பைக் போதும், ஷூவுக்கு மேல் இழுத்து மாட்டுகிற சின்ன முள் சங்கிலி.

தேனி_வெயில் | மாலை 5.48

கேம்ப் ம்யூர், சிகரம் ஏறுபவர்கள் வழியில் தங்கும் முகாம். நண்பன் ஒருவன் ஆகஸ்டில் போயிருக்கிறான். நடைதான், கயிறு எல்லாம் வேண்டாம் என்றான்.

இரும்புக்கால் | மாலை 6.15

ஆகஸ்டுக்கும் மார்ச்சுக்கும் பெயர் மட்டும்தான் ஒன்று. பாரடைஸ் 5,400 அடி, ம்யூர் 10,000 அடிக்கு மேல். நடுவில் பெரும்பாலும் மரமோ மறைப்போ இல்லாத பனிச்சரிவு. மேகம் இறங்கினால் வானமும் தரையும் ஒரே வெள்ளையாகிவிடும், இறங்கும்போது கொஞ்சம் பிசகினால் ஒரு பக்கம் நிஸ்க்வாலி பனியாறு. வழியை ஜிபிஎஸ்ஸில் ஏற்றிக்கொண்டு, திசைகாட்டியும் எடுத்துக்கொண்டு போகிறவர்களே திணறியிருக்கிறார்கள். என்டபிள்யூஏசி என்ற வடமேற்குப் பனிச்சரிவு மையத்தின் முன்னறிவிப்பைக் காலையில் பாருங்கள். 30 முதல் 45 பாகை வரை சாய்வுதான் அதிகம் சரியும் இடம். பனியில் புதைந்தவரைத் தேடி எடுக்க நாலு பேரிடமும் பீக்கன் (இருக்குமிடத்தைக் காட்டும் சிக்னல் கருவி), துழாவுகோல், மண்வாரி இருக்கிறதா? அதை உபயோகிக்கத் தெரியுமா?

பொருளைப் பொறுத்தவரை: கடையில் மாற்றினால் முன்னும் பின்னும் வார் கட்டுகிற வகையைக் கேளுங்கள், உங்கள் பூட்ஸுக்கு அது போதும். நடுப்பட்டை வளையக்கூடியதாக இருக்கட்டும். மெத்தென்ற பூட்ஸில் வளையாத பட்டையை மாட்டினால் நாளடைவில் பட்டை உடையும். கடைக்காரர் மறுத்தால் லீவரைக் கழற்றிவிட்டுக் குதிகால் கூடு மட்டும் தனியாகப் போட முடியுமா என்று கேளுங்கள், சில கம்பெனிகள் அதைத் தனியாக விற்கின்றன. எதுவும் ஆகவில்லை என்றால் வெல்ட் உள்ள பூட்ஸை வாடகைக்கு எடுங்கள், உங்கள் க்ராம்பானையும் கையோடு கொண்டு போய் அங்கேயே மாட்டிப் பாருங்கள்.

மழைக்கோட்டு | மாலை 6.22

காரில் டயருக்கு மாட்டும் சங்கிலி இருக்கிறதா என்றும் கேளுங்கள் அக்கா. நவம்பர் 1 முதல் மே 1 வரை அந்தப் பூங்காவுக்குள் போகும் எல்லா வண்டியிலும் இருக்க வேண்டும், நாலு சக்கர ஓட்டமானாலும்.

கேஸ்கேட்_கிழவர் | இரவு 8.05

12 முள்ளை ஸ்னோ ஷூ என்பவர் மார்ச்சில் ம்யூர் போகக்கூடாது. நான் சொன்னால் கோபம் வரும்.

இரும்புக்கால் | இரவு 8.20

ஐயா, இந்தத் தடவை நீங்கள் சொல்வது சரி. சொன்ன விதம்தான்.

தேனி_வெயில் | வெள்ளி, இரவு 10.30

மேனேஜர் முன்னால் உதறிக் காட்டினேன். கீழே விழுந்த சத்தத்தில் வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பணம் இல்லை, வார் வகைக்கு மாற்றிக் கொடுத்தார், வித்தியாசத்தையும் கேட்கவில்லை. பீக்கன் யாரிடமும் இல்லை. நன்றி.

ரெண்டாவது_காபி | வெள்ளி, இரவு 10.41

நல்லது. அப்போது நாளை ம்யூர் போகிறீர்களா, இல்லையா?

மழைக்கோட்டு | ஞாயிறு, மாலை 4.00

தேனி, திரும்பி வந்துவிட்டீர்களா? ஒரு வரி போடுங்கள்.

சாம்பார்_சியாட்டில் | ஞாயிறு, மாலை 4.30

பழைய துணிக் கடையில் பதினைந்து டாலருக்குக் கோட்டு என்று சொன்னாரே, எந்தக் கடை? தேடினேன், முப்பதுக்குக் குறைந்து ஒன்றும் இல்லை.

தேனி_வெயில் | செவ்வாய், காலை 8.15

மன்னிக்கவும், இப்போதுதான் பார்க்கிறேன். பாரடைஸுக்குப் போகும் சாலையில் இருக்கும் லாங்மயர் கதவு திறக்கவே இல்லை, மேலே பனி அள்ளிக்கொண்டிருந்தார்களாம். கதவுக்குக் கீழே காட்டுக்குள் இரண்டு மைல் நடந்துவிட்டு வந்தோம். க்ராம்பான் பையை விட்டு வெளியே வரவில்லை. முழங்கால் வரை பனி. நிஜ ஸ்னோ ஷூ எங்கே வாடகைக்குக் கிடைக்கும்?

நாமக்கல்_நாடோடி | செவ்வாய், காலை 8.19

எடை எவ்வளவு?