ஓட்டுநர் உரிமம் புதுப்பிப்பு: பத்து வாரமாக ஒரே நிலையில் நிற்கும் விண்ணப்பம்

தாம்பரம்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். 2005-ஆம் ஆண்டில், எனக்கு இருபத்திரண்டு வயதாக இருந்தபோது, தென்மாவட்ட வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் ஒன்றில் இருசக்கர வாகனத்துக்கும் காருக்கும் சேர்த்து எடுத்த உரிமம் இருபது ஆண்டு முடிந்து காலாவதியாகிவிட்டது. காலாவதியாவதற்கு மூன்று வாரம் முன்பே, இப்போது நான் குடியிருக்கும் பகுதிக்குரிய அலுவலகத்தைத் தேர்ந்தெடுத்து ஓட்டுநர் உரிமங்களுக்கான அரசின் 'சாரதி' இணையதளத்தில் விண்ணப்பித்தேன்; நாற்பது வயதைக் கடந்தவர்களுக்குரிய படிவம் 1ஏ மருத்துவச் சான்றையும் பதிவேற்றிக் கட்டணமும் செலுத்தினேன். பத்து வாரம் ஆகியும் விண்ணப்பம் ஆவணச் சரிபார்ப்பு நிலையைத் தாண்டவில்லை. நேரில் சென்று கேட்டபோது, "பழைய பதிவில் ஏதோ விடுபட்டிருக்கிறது, உரிமம் வாங்கிய ஊரிலேயே போய்க் கேளுங்கள்" என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டார்கள். வாசலில் நின்ற இடைத்தரகர் இரண்டே நாளில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். எனக்கு அதில் விருப்பமில்லை. அறுநூறு கிலோமீட்டர் பயணம் செய்யாமல் இதைத் தீர்க்க வழி உண்டா? கட்டண ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு அதுவரை வண்டி ஓட்டலாமா?

பயிற்சிப் பள்ளிக்காரர்

இருபது ஆண்டாக ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தி வருகிறேன். "உரிமம் தாமதம்" என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, உரிமம் இன்னும் ஒப்புதலே பெறவில்லையா, ஒப்புதல் கிடைத்து அட்டை மட்டும் வந்து சேரவில்லையா என்பதுதான். இரண்டுக்கும் மருந்து வேறு. ஒப்புதல் கிடைத்துவிட்டால் புதிய செல்லுபடிக் காலம் அரசின் டிஜிலாக்கர், எம்பரிவாகன் செயலிகளில் தெரியும். அந்த மின்னணு வடிவத்தைக் காட்டினாலே போதும் என்று 2018-லேயே மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்திவிட்டார்கள். ஆகவே அட்டைக்காகக் காத்திருப்பவர் கவலைப்பட வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரி இறுதியிலிருந்து அட்டை விரைவு அஞ்சலில் மட்டுமே வருகிறது. வீடு பூட்டியிருந்து உறை திரும்பிப் போனால் அலுவலகத்தில் கையில் தரமாட்டார்கள். நம் முகவரியை எழுதி அஞ்சல்தலை ஒட்டிய உறையைக் கொடுத்து மறுபடியும் அஞ்சலில்தான் பெற வேண்டும். பகலில் வீட்டில் ஆள் இல்லாதவர்களுக்கு இது ஒரு தனித் தலைவலி.

உங்களுடையது முதல் வகை. கணினிக்கு முந்தைய பதிவேடுகளைச் சாரதியில் ஏற்றியபோது நடந்த விடுபடல்கள்தாம் இப்போது புதுப்பிக்க வருபவர்களின் தலையில் விடிகின்றன. ஒருவருக்குப் பிறந்த தேதி இருக்காது, இன்னொருவருக்கு இருசக்கர வாகனம் மட்டும் ஏறியிருக்கும், கார் விடுபட்டிருக்கும். அதைவிட அதிகமாக நான் பார்ப்பது நம் ஊருக்கே உரிய தலைப்பெழுத்துச் சிக்கல்: உரிமத்தில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து, ஆதாரில் அந்த எழுத்து விரிந்து தந்தையின் முழுப்பெயராகப் பின்னால் நிற்கும். கணினிக்கு அவர்கள் இரண்டு வேறு மனிதர்கள். முதலில் சாரதியில் உங்கள் உரிம எண்ணைக் கொடுத்து விவரங்களை எடுத்து, கையிலுள்ள அட்டையோடு ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டுப் பாருங்கள். எண்ணை உள்ளிடும்போது மாநிலக் குறியீடு, அலுவலக எண், நான்கு இலக்க ஆண்டு, அதன்பின் ஏழு இலக்கம் என்று வர வேண்டும். பழைய எண் சிறியதாக இருந்தால் முன்னால் பூச்சியங்களைச் சேர்க்க வேண்டும்.

மதுரை வழக்கறிஞர்

இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். முன்னவர் அதைத் தொடவில்லை, ஆனால் அதுதான் அவசரமானது. ஓட்ட வேண்டாம். காலாவதியான பிறகு முப்பது நாள் வரை உரிமம் செல்லும் என்று பலர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் அந்தச் சலுகையை நீக்கிவிட்டது. அதே திருத்தம், காலாவதிக்கு ஓராண்டு முன்பிருந்து ஓராண்டு பின்பு வரை விண்ணப்பிக்க இடம் தருகிறது. அதற்கு மேல் போனால் மீண்டும் ஓட்டிக் காட்டித் தேர்ச்சி பெற வேண்டும். இந்தப் பின்னோராண்டைச் சலுகைக் காலம் என்று எடுத்துக்கொள்வதில்தான் ஆபத்து இருக்கிறது. அது விண்ணப்பிப்பதற்கான அவகாசமே தவிர ஓட்டுவதற்கான அனுமதி அன்று. இடையில் பிடிபட்டால் அந்தச் சட்டத்தின் 181-ஆம் பிரிவின்படி 5,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். விபத்து நேர்ந்தால், 2004-இல் சுவரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டிய வழிப்படி, பாதிக்கப்பட்டவருக்குக் காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுத்தாலும், வாகன உரிமையாளரின் கவனக்குறைவை நிரூபித்துவிட்டால் அந்தத் தொகையை அவரிடமிருந்தே வசூலிக்க முடியும். கட்டண ரசீது அங்கே உங்களைக் காப்பாற்றாது.

பழைய ஊருக்குப் போகச் சொன்னதைப் பற்றியும் ஒரு வார்த்தை. எந்த உரிமம் வழங்கும் அலுவலரும் புதுப்பிக்கலாம் என்று அதே சட்டத்தின் 15-ஆம் பிரிவு சொல்கிறது; புதுப்பித்த செய்தியை முதலில் வழங்கிய அலுவலருக்குத் தெரிவிப்பதும் புதுப்பிக்கும் அலுவலரின் பொறுப்பே. பதிவேட்டைச் சரிபார்க்கக் கடிதம் எழுத வேண்டியது அலுவலகமா, அறுநூறு கிலோமீட்டர் பேருந்தில் போக வேண்டிய நீங்களா என்று எழுத்தில் கேளுங்கள்.

கோவை டாக்சி

எழுத்தில் கேட்பது எப்படி என்று நான் சொல்கிறேன், பட்டு அறிந்தவன். போக்குவரத்து வாகன உரிமம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. எனக்குச் சென்ற முறை ஏழு வாரம் இழுத்தது, ஏழு வாரமும் வருமானம் இல்லை. முதல்வர் உதவி எண் 1100-இல் பதிந்த புகாருக்கு "நடவடிக்கையில் உள்ளது" என்று ஒரு குறுஞ்செய்தி வந்ததோடு சரி. பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனு அனுப்பினேன். 'ஏன் தாமதம்' என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் விளக்கம் தர வேண்டியதில்லை என்று தட்டிக் கழிப்பார்கள். விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டு, இன்றைய தேதியில் அது எந்த அலுவலரிடம் உள்ளது, எந்தத் தேதியில் அவரிடம் வந்தது, என்ன குறிப்பு எழுதப்பட்டுள்ளது, அந்தக் குறிப்பின் நகல் வேண்டும் என்று மட்டும் கேட்டேன். முப்பது நாள் அவகாசம் இருந்தும் பன்னிரண்டாம் நாளே உரிமம் ஒப்புதலாகிவிட்டது. மனுவுக்குப் பதில் அதற்குப் பிறகுதான் வந்தது.

தாம்பரம்வாசி

மூவருக்கும் நன்றி. ஒப்பிட்டுப் பார்த்தேன்: சாரதியில் எனக்கு இருசக்கர வாகனம் மட்டுமே உள்ளது, கார் இல்லை. அட்டையின் இருபுற நகலையும், 15-ஆம் பிரிவைச் சுட்டி, பழைய அலுவலகத்திலிருந்து பதிவேட்டுப் பக்கத்தைக் கேட்டுப் பெறும்படி எழுதிய கடிதத்தையும் இன்று விரைவு அஞ்சலில் அனுப்பிவிட்டேன். பதினைந்து நாள் பார்த்துவிட்டு, கோவை நண்பர் சொன்ன அந்த நான்கு கேள்விகளையும் மனுவாக அனுப்பப் போகிறேன். வண்டிச் சாவியை மனைவியிடம் கொடுத்தாயிற்று. அவருடைய உரிமம் 2031 வரை இருக்கிறது.