10 ஆயிரத்துக்குள் ஸ்டீல் ஃபிரேம் சைக்கிள்: திருவான்மியூர் – கிண்டி தினசரி ஓட்டத்துக்கு எது சரி?

கடலோரம்:
தினமும் திருவான்மியூரிலிருந்து கிண்டி தொழிற்பேட்டைக்குப் போய்வர ஒரு சைக்கிள் வேண்டும். ஒரு வழிக்கு ஏறக்குறைய 7 கி.மீ. என் உயரம் 5 அடி 6 அங்குலம். கேரியரில் 6, 7 கிலோ சாமான் இருக்கும். பூட்டு, விளக்கு எல்லாம் சேர்த்து 10 ஆயிரத்தைத் தாண்டக் கூடாது. ஒன்றிரண்டு மேம்பாலம் தவிர பாதை சமதளம்தான். தெருமுனைக் கடையிலேயே பழுது பார்க்க வேண்டும் என்பதால் ஸ்டீல் ஃபிரேம் என்று முடிவு செய்துவிட்டேன். 28 இன்ச் ரோட்ஸ்டரா (அந்தக் கால கனமான சைக்கிள் வகை), கியர் இல்லாத 26 இன்ச் எம்டிபியா (மலைப்பாதை சைக்கிள் வகை)? 'குரோமோலி' (குரோமியம், மாலிப்டினம் கலந்த ஸ்டீல்) ஸ்டிக்கர் ஒட்டிய பழைய சைக்கிள் ஒன்றும் விலைக்கு வந்திருக்கிறது. அதை நம்பலாமா?

கோட்டம் எடுப்பவன்:
இந்த விலையில் எந்த வகை ஸ்டீல் என்பதைக் கடைசியாகப் பாருங்கள் நண்பரே. முதலில் ரிம், அடுத்து கிராங்க் (பெடலைத் தாங்கும் கை), அதற்கப்புறம் ஃபிரேம் அளவு.

குரோமோலிக்கும் சாதா ஸ்டீலுக்கும் விறைப்பு ஏறத்தாழ ஒன்றுதான். வலிமை கூடுதல் என்பதால் குழாயின் சுவரை மெல்லிசாக்கலாம், எடை குறையும். ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். சீட் பைப்பை உருவி வெர்னியர் வைத்து அளந்து பாருங்கள். ஃபிரேமின் சீட் குழாய் வெளியே 28.6 மி.மீ. இருந்து, உள்ளே போகும் பைப் 27.2 மி.மீ. என்றால் சுவர் 0.7 மி.மீ.தான், நல்ல குழாய். பைப் 25.4 என்றால் சுவர் 1.6 மி.மீ. வந்துவிடுகிறது. அப்புறம் ஸ்டிக்கர் எதற்கு?

ரிம் அலாயாக இருக்கட்டும். குரோம் பூசிய ஸ்டீல் ரிம் மழையில் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும். லீவரை முழுக்க அழுத்தினாலும் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும், ஐப்பசி கார்த்திகையில் அதை வைத்துக்கொண்டு அடையாறு சிக்னலில் நிற்க முடியாது. அலாய் ரிம்மும் கடைக்காரர்கள் பவர் பிரேக் என்று சொல்லும் நீளக் கை பிரேக்கும் இருந்தால் ஈரத்திலும் பிடிக்கும்.

முன்பக்க ஷாக் வேண்டவே வேண்டாம். இந்த விலை ஷாக்கில் எடை கூடுமே தவிர குழியில் பெரிதாக வேலை செய்யாது, கொஞ்ச நாளில் ஆட்டமும் கண்டுவிடும். டிஸ்க் பிரேக்கும் அப்படித்தான். டிஸ்க்கைச் சேர்த்த காசை ஹப்பிலும் கிராங்கிலும்தான் கழித்திருப்பார்கள்.

என் தேர்வு: ஷாக் இல்லாத நேர் ஃபோர்க், ஒற்றை கியர், அலாய் ரிம், பவர் பிரேக் உள்ள 26 இன்ச் வண்டி. கூடவே வரும் முள்டயர் தேய்ந்ததும் 26 x 1.75 வழுவழு டயருக்கு மாறிவிடுங்கள். தார் ரோட்டில் முள்டயர் இரைச்சலும் இழுவையும் தருவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை.

ரெட்டைபார்:
பிரேக் விஷயத்தில் மறுப்பில்லை. ஆனால் ரோட்ஸ்டரை இவ்வளவு சுலபமாகத் தள்ளிவிடாதீர்கள். மட்கார்டு, கேரியர், பெரிய ஸ்டாண்டு, செயின் கவர் எல்லாம் வண்டியோடு வந்துவிடும். எம்டிபிக்கு இவற்றைத் தனித்தனியாக வாங்கி மாட்டும் செலவையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். முழுக் கவர் போட்ட செயின் மழைச் சேற்றில் திறந்து கிடக்கும் செயினைவிடப் பல மடங்கு உழைக்கும். எடை 20 கிலோவைத் தொடும் என்பது உண்மைதான். வீடு மாடியிலிருந்தால் யோசியுங்கள்.

அளவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கடையில் எளிதாகக் கிடைப்பது 22 இன்ச் ஃபிரேம். 5 அடி 6 அங்குல ஆளுக்கு அதன் பார் உயரம், சிக்னலில் இரண்டு காலையும் ஊன்றி நிற்க முடியாது. 20 இன்ச் கேளுங்கள், இல்லையென்றால் வரவழைத்துத் தரச் சொல்லுங்கள். சீட் உயரத்துக்கு ஒரு கணக்கு: வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று கவட்டிலிருந்து தரை வரை அளந்து 0.883-ஆல் பெருக்குங்கள். 78 செ.மீ. என்றால் சுமார் 69 செ.மீ. வரும். கிராங்க் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பக்கம் வரை அந்த உயரம் வைக்க வேண்டும். முழங்கால் வலி என்று வருகிறவர்களில் பலருக்கு சீட் தாழ்ந்திருப்பதுதான் காரணம்.

மேம்பாலத்துக்கு கியர் தேவையில்லை, பல் கணக்கு போதும். முன்னால் 48, பின்னால் 18 பல் என்றால் பெடலின் ஒரு முழுச் சுற்றுக்கு 28 இன்ச் வண்டி 5.8 மீட்டருக்கு மேல் போகும், சுமையோடு ஏற்றத்தில் அது கனம். ஃபிரீவீலை (பின்சக்கரத்தின் பல்சக்கரம்) 22 பல்லாக மாற்றினால் 4.8 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் மணிக்கு 17 கி.மீ. சொச்சம், ஊருக்குள் இது போதாதா? செயின் எட்டவில்லை என்றால் பின்சக்கரத்தைக் கொஞ்சம் முன்னே தள்ளுங்கள். அப்போதும் எட்டாவிட்டால் துண்டு சேர்க்கலாம்.

டயர் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. 26 x 1.75-உம் 26 x 1⅜-உம் ஒன்றல்ல. முதலாவதன் ரிம் விட்டம் 559 மி.மீ., இரண்டாவது 590. டயரின் பக்கத்தில் 47-559, 37-590 என்று சின்ன எழுத்தில் இருக்கும், அதைப் படித்துவிட்டுக் காசு கொடுங்கள். ரோட்ஸ்டரின் 28 x 1½ டயர் 635. ரிம் மாற்றும்போது ஓட்டைகளையும் எண்ணுங்கள்: நம் ரோட்ஸ்டர்களில் முன்னால் 32, பின்னால் 40 கம்பி, எம்டிபியில் பெரும்பாலும் இரண்டும் 36.

கடலோரம்:
நன்றி. தரைத்தளம்தான், எடை பிரச்சினை இல்லை. ரோட்ஸ்டரில் கிராங்கை அச்சோடு பிடிக்கும் காட்டர் பின் அடிக்கடி ஆட்டம் காணும் என்கிறார்களே? பழைய வண்டியை நேரில் பார்க்கும்போது என்னென்ன சோதிக்க வேண்டும்? கடற்காற்றில் துரு பிடிக்காமல் எப்படிக் காப்பது?

கோட்டம் எடுப்பவன்:
காட்டர் பின் ஆட்டம் காண்பது பெரும்பாலும் மாட்டிய விதத்தால். நட்டை முறுக்கி பின்னை உள்ளே இழுக்கப் பார்த்தால் மரை அறுந்துவிடும். கிராங்குக்கு அடியில் ஒரு கெட்டி இரும்புக் குழாயை முட்டுக்கொடுத்து, சுத்தியலால் பின்னை அடித்து உட்காரவைத்த பிறகுதான் நட்டு. முட்டு இல்லாமல் அடித்தால் அடி முழுக்க கிராங்க் அச்சு சுழலும் பாட்டம் கப்பிலும் குண்டுகளிலும் இறங்கும். இரண்டு பின்னும் எதிரெதிர்த் திசையில் நுழைய வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பெடலும் ஒரே நேர்கோட்டில் நிற்காது. 50 கி.மீ. ஓடியதும் மறுபடி ஒரு தட்டு, நட்டுக்கு ஒரு முறுக்கு. அப்புறமும் ஒவ்வொரு சுற்றுக்கும் 'டக்' என்றால் பின் தேய்ந்துவிட்டது, மாற்றிவிடுங்கள். தேய்ந்த பின்னோடு ஓட்டினால் அச்சின் வெட்டும் கெடும், அப்போது செலவு கூடும்.

உப்புக்காற்று:
பழைய வண்டிக்கு ஒரு கயிறு எடுத்துப் போங்கள். பின்சக்கர அச்சு உட்காரும் இடத்தில் ஒரு பக்கம் கட்டி, ஹேண்டில் பாருக்குக் கீழே உள்ள தலைக்குழாயைச் சுற்றி, மறுபக்கத்தில் அதே இடத்தில் இழுத்துக் கட்டுங்கள். சீட் குழாயிலிருந்து இரண்டு பக்கக் கயிற்றுக்கும் உள்ள இடைவெளியை அளந்தால், வித்தியாசம் 2, 3 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். கூடினால் ஃபிரேம் கோணல்.

அடுத்து தலைக்குழாயும் கீழ்க்குழாயும் சேருமிடத்தின் அடிப்பக்கம். அங்கே விரலால் தடவும்போது புடைப்போ, பெயின்டில் சுருக்கமோ தட்டுப்பட்டால் முன்னால் மோதிய வண்டி. பேசாமல் திரும்பிவிடுங்கள், பெயின்ட் அடித்தால் அது சரியாகாது. பக்கவாட்டில் நின்று ஃபோர்க்கையும் பாருங்கள்: மேல்பாதி தலைக்குழாயின் அதே கோட்டில் வர வேண்டும், பின்னால் மடிந்திருக்கக் கூடாது. ஸ்டாண்டு கவ்வியிருக்கும் இடத்தில் குழாய் நசுங்கி வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். சீட் பைப் அசைகிறதா? உள்ளே துருவேறி இறுகியிருந்தால் உங்கள் உயரத்துக்கு மாற்றவே முடியாது. ஹப், பாட்டம் ஆட்டம் பெரிய குறையல்ல. கோன், குண்டு மாற்றினால் தீரும், ஆனால் அந்த ஓவராயில் (முழுக்கப் பிரித்துப் பூட்டும்) கூலியை விலையில் குறைத்துக்கொள்ளுங்கள்.

துரு வெளியிலிருந்து வருவதைவிட உள்ளிருந்து வருவது மோசம். சீட் குழாயின் வெட்டு வழியாக மழைத்தண்ணீர் இறங்கி பாட்டம் பிராக்கெட்டில் (கிராங்க் அச்சு இருக்கும் கூடு) தேங்கும். ஓவராயிலுக்குப் பிரிக்கும்போது, குண்டெல்லாம் வெளியே இருக்கையில், அந்தக் கூட்டின் அடியில் 4 மி.மீ. ஓட்டை ஒன்று போட்டுத் தூளைச் சுத்தமாகத் துடைக்கச் சொல்லுங்கள். அப்போதே குழாய்களுக்குள் கடையில் 'பாயில்டு லின்சீட் ஆயில்' என்று விற்கும் ஆளிவிதை எண்ணெயை ஊற்றி, நாலா பக்கமும் சாய்த்து, மிச்சத்தை வடித்துவிட்டு ஓரிரு நாள் காயவிட்டால் உள்ளே ஒரு படலம் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள். சீட் பைப்புக்கும் ஹேண்டில் பார் தண்டுக்கும் கிரீஸ் தடவி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை உருவித் திரும்பப் போடுங்கள்.

செயினை 12 அங்குல ஸ்கேலால் பாருங்கள்: ஒரு செயின் பின்னின் மையத்தில் 0-ஐ வைத்தால், புதுசில் 12 அங்குலத்துக்குச் சரியாக இன்னொரு பின்னின் மையம் வரும். அது 12⅛-ஐத் தொட்டால் மாற்ற வேண்டும், விட்டால் ஃபிரீவீல் பல்லையும் சேர்த்துத் தின்றுவிடும். பூட்டைப் பொறுத்தவரை மெல்லிய கேபிள் பூட்டு வாங்காதீர்கள், கட்டிங் பிளேயருக்கே அது தாங்காது. தடித்த சங்கிலியாக வாங்கி, பின்சக்கரத்தையும் ஃபிரேமையும் சேர்த்துக் கம்பத்தோடு கட்டுங்கள்.