தரைக்கப்பம்: மெக்சிகோவின் ‘பிசோ’வுக்கு ஒரு சொல்

குழுமத்தாருக்கு வணக்கம்.

மெக்சிகோவில் போதைக் கும்பல்கள் வணிகரிடமும் உழவரிடமும் பிடுங்கும் பணத்துக்கு ‘தெரெச்சோ தெ பிசோ’ என்று பெயர். பிசோ என்றால் தரை. அந்தத் தரையில் நின்று பிழைப்பதற்கான காசு. இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்பதே குழுமத்தில் எழுந்த கேள்வி. இந்த இழையில் முதலில் வந்த ‘மிரட்டிப் பணம் பறித்தல்’ விளக்கமே தவிரச் சொல் அன்று. அதில் தரையும் இல்லை.

‘மாமூல்’ போதுமே என்கிறார் மதுரை நண்பர். எனக்கு ஒப்பவில்லை. மாமூல் கேட்பவன் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பான். குறைத்துக் கொடுத்தால் முணுமுணுத்துக்கொண்டே போய்விடுவான். மிச்சோவகான் மாநிலத்து எலுமிச்சை உழவர்களோ கிலோவுக்கு இத்தனை பெசோ (மெக்சிகோ நாணயம்) என்று கட்டுகிறார்கள். தராசில் பழம் ஏறும்போதே கும்பலின் பங்கும் ஏறிவிடுகிறது. எதிர்த்தால்? அதே மாநிலத்து லா ருவானாவில் 2013இல் கும்பலுக்கு எதிராகத் தற்காப்புப் படை திரட்டிய இப்போலித்தோ மோரா 2023 ஜூனில் கொல்லப்பட்டார். அபாத்சிங்கான் எலுமிச்சை உழவர் சங்கத் தலைவர் பெர்னார்தோ பிராவோ, 2025 அக்டோபரில். இதை மாமூல் என்று எழுதக் கை கூசுகிறது.

‘பாடிகாவல்’ அழகான கல்வெட்டுச் சொல். ஆனால் அது ஊர்க்காவலுக்கென்று ஊரறிய வாங்கிய வரி. விட்டுவிடுவோம்.

யாழ்ப்பாண நண்பர் சொன்ன ‘கப்பம்’தான் சரி. இலங்கை நாளேடுகளில் அன்றாடம் புழங்குவது. தமிழ்நாட்டாருக்குச் சிற்றரசன் பேரரசனுக்குக் கட்டியது நினைவுக்கு வருமே என்கிறார்கள். வரட்டுமே! ‘இந்த மண் உன் ஆளுகையில்’ என்று ஒப்புக்கொண்டு கட்டுவதுதானே இதுவும்? ஆளைக் கடத்திவிட்டுக் கேட்பதையும் இலங்கையில் கப்பம் என்பதால், பிரித்துக் காட்டத் ‘தரை’யைச் சேர்க்கிறேன்: தரைக்கப்பம்.

தொடரில் வைத்துப் பார்த்தேன். 2025 ஜூலையில் மெக்சிகோ அதிபர் குளோடியா ஷெயின்பாம் அரசு அறிவித்ததைத் ‘தரைக்கப்ப ஒழிப்புத் திட்டம்’ எனலாம், இடறவில்லை. 089 என்ற எண்ணில் பெயர் சொல்லாமல் புகார் தரலாம்; பாதிக்கப்பட்டவர் முறையிடாவிட்டாலும் அரசே வழக்குத் தொடர வழி செய்வதும் திட்டத்தில் உண்டு. பின்னே, புகார் கொடுத்தவர் மறுநாள் அதே தோப்புக்குத்தானே போயாக வேண்டும்.

‘தரைக்காசு’ என்று எழுதிய அம்மையார் பொறுத்துக்கொள்ள வேண்டும். அதைக் கேட்டால், சந்தையில் கீரைக்கூடைக்காரி பேரூராட்சி ரசீதைச் சுருட்டி இடுப்பில் செருகுவதுதான் எனக்குக் கண்ணில் தெரிகிறது.